சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லையா? 45 நாள் சட்டம் இருக்கிறது

வியாபாரம் மந்தமானால் முதலில் நிற்பது விற்பனை இல்லை, வசூல்தான். ஆத்தங்குடியில் டைல்ஸ் போடுகிறவர்களையோ காரைக்குடியில் மொத்தமாகப் பலகாரம் போட்டு அனுப்புகிறவர்களையோ கேட்டுப் பாருங்கள். ஆர்டர் இருக்கும், சரக்கும் போயிருக்கும். "பில் பாஸாகட்டும், அடுத்த மாசம் பாக்கலாம்" என்பதுதான் பதிலாக வரும். சிமெண்ட்காரருக்கும் கூலிக்கும் அடுத்த மாதம் என்று சொல்ல முடியுமா?

நிற்கிற பாக்கி என்ன செய்யும் என்பது செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவில் கொடுத்த கடன் பணமாகத் திரும்பாமல் நிலமாக வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. ஐந்தொகையில் சொத்து நிறைய, கையில் ரொக்கம் இல்லை.

இன்றைய சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் ஒரு பிடிமானம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள் பணம் தர வேண்டும். ஆனால் அது 45 நாளைத் தாண்டக்கூடாது. 90 நாள் என்று எழுதி வாங்கியிருந்தாலும் 45தான். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் இந்தக் கணக்கு. சரக்கில் குறை என்றால் வாங்கியவர் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கு இறங்கிய நாளையே ஏற்றுக்கொண்ட நாளாகக் கணக்கிடுவார்கள். அதனால் டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் வண்டியைத் திருப்பாதீர்கள்.

தாமதித்தால் வட்டி உண்டு: ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி அளவான வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 5.50 என்றால் வட்டி 16.5 சதவீதம்.

இதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, வேண்டும். ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி கட்டாயமானவர்களுக்கு அந்த எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசுடையது அல்ல. சரக்கு அனுப்புவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் பழைய பில்லுக்கு வழக்கு சிக்கலாகிவிடும். குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான் இந்த உரிமை, நடுத்தர நிறுவனத்துக்கு இல்லை. வாங்கி விற்கிறவர்களுக்கும் இல்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் உத்யம் பதியலாம், ஆனால் அது வங்கிக் கடனுக்கு மட்டுமே உதவும். இது எனக்கு வருத்தம்தான்; அவர்கள் பணமும் இதே போலத்தான் முடங்குகிறது.

பணம் வரவில்லையென்றால் மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் பில், சலான், ஆர்டர் நகலோடு மனுப் போடலாம். அது இந்த மாதிரிப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதிக் குழுவுக்குப் போகும். முதலில் சமரசம், அப்புறம் நடுவர் தீர்ப்பு. சட்டம் 90 நாள் என்கிறது, நடைமுறையில் இழுக்கும். தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால், தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

பழகிய வாடிக்கையாளர் மேல் மனுப் போட மனசு வராது, சரி. அவருக்கு பிப்ரவரியிலேயே உத்யம் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டிய பாக்கியை அவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட வேண்டுமானால் பணத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மார்ச் 31க்குள் கொடுக்காவிட்டால் அந்த ஆண்டு அந்தத் தொகைக்கும் சேர்த்து வரி கட்ட வேண்டிவரும். உங்கள் கடிதத்தை அவருடைய ஆடிட்டர் கட்டாயம் படிப்பார்.