நிலத்தடி எரிவாயுக் கிடங்குகள்: பதிவேட்டில் கோட்டை விடும் இடங்கள்

அமெரிக்காவில் குளிர்காலத்துக்குத் தேவையான இயற்கை எரிவாயுவைக் கோடையிலேயே நிலத்துக்கடியில் இறக்கி வைக்கிறார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்றுவது, நவம்பர் முதல் மார்ச் வரை எடுப்பது. இப்படிச் சுமார் 400 கிடங்குகள் இருக்கின்றன. பெரும்பாலானவை எண்ணெயோ வாயுவோ எடுத்துத் தீர்ந்துபோன பாறை அடுக்குகள். மீதி உப்புப் பாறையைக் கரைத்துக் குடைந்த குகைகளும், நீர் தாங்கும் அடுக்குகளும். கிடங்கு என்று சொன்னாலும் அங்கே சுவரும் இல்லை, தொட்டியும் இல்லை. உள்ளே இறங்கிப் பார்க்கவும் வழியில்லை. அழுத்தமானி (கேஜ்) காட்டும் எண், கிணற்றுக்குள் கருவியை இறக்கி எடுத்த அளவுப் பதிவு (லாக்), இரண்டையும் எழுதி வைத்த தாள்: கிணற்றின் நிலை பற்றி நமக்குத் தெரிவது இவ்வளவுதான். ஆய்வாளர் வரும் வாரத்தில் மட்டும் பதிவேட்டைத் தேடும் கிடங்கில், கிணறும் அதே லட்சணத்தில்தான் இருக்கும்.

லாஸ் ஏஞ்சலிஸ் அருகே அலிசோ கேன்யனில் நடந்தது இதற்குச் சாட்சி. 2015 அக்டோபர் 23 அன்று எஸ்எஸ்-25 என்ற கிணறு கசிவது தெரியவந்தது. 2016 பிப்ரவரியில்தான் அடைக்க முடிந்தது. அதற்குள் சுமார் 97,000 டன் மீத்தேன் காற்றில் கலந்துவிட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. 1953-ல் எண்ணெய்க்காகத் தோண்டி, 1973-ல் சேமிப்புக்கு மாற்றிய கிணறு அது. கிணற்றுக்குச் சுவராக இருக்கும் அதன் 7 அங்குல கேசிங் குழாய், 892 அடி ஆழத்தில், வெளிப்பக்கம் நிலத்தடி நீராலும் நுண்ணுயிர்களாலும் அரிக்கப்பட்டு உடைந்திருந்தது. கேசிங்குக்கு உள்ளே இருக்கும் சிறிய குழாயான டியூபிங் வழியாகவும், டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையிலும் வாயுவை ஓட்டியதால், கேசிங் ஒன்றுதான் தடுப்பு. அது போனால் எல்லாம் போயிற்று.

அங்கே சோதனையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. வெப்பநிலை லாக் ஆண்டுதோறும் எடுத்தார்கள். ஆனால் வெப்பநிலை லாக், கசிவு தொடங்கிய பிறகுதான் காட்டும். குழாய்ச் சுவர் மெலிந்துகொண்டே வருவதைக் காட்டாது. அதற்குக் கேசிங் தடிமன் லாக் வேண்டும். 1988-லேயே அந்தச் சோதனைக்காக 20 கிணறுகளின் பட்டியலைக் கிடங்கை நடத்திய நிறுவனமே தயாரித்திருந்தது. எஸ்எஸ்-25 அதில் இருந்தது. லாக் எடுத்தது 7 கிணறுகளில்; அவற்றில் 5-ல் குழாய்ச் சுவர் அரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. எஸ்எஸ்-25-இன் முறை வரவே இல்லை. பட்டியல் போட்டாயிற்று, முடித்ததற்கான கையெழுத்து இல்லை, ஏன் முடிக்கவில்லை என்று கேட்பாரும் இல்லை. பதிவேட்டில் மிக மோசமான பக்கம் எது என்றால் இதைத்தான் காட்டுவேன்: பரிந்துரை இருக்கும், அதற்கு முடிவு இருக்காது.

இந்த விபத்துக்குப் பிறகுதான் கூட்டாட்சி விதி வந்தது. குழாய்வழிப் பாதுகாப்பைக் கவனிக்கும் பிம்சா 2016 டிசம்பரில் இடைக்கால விதியையும், 2020 பிப்ரவரியில் இறுதி விதியையும் வெளியிட்டது. பிரிவு எண் 192.12. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் (ஏபிஐ) வகுத்த, உப்புக் குகைகளுக்கு ஏபிஐ 1170, தீர்ந்த அடுக்குகளுக்கும் நீர் அடுக்குகளுக்கும் ஏபிஐ 1171 என்ற தொழில் நெறிமுறைகள் இதனால் சட்டமாயின. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென எழுத்து வடிவில் செயல்முறை வைத்திருக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது, அதன்படியே நடக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். சட்டம் கேட்காத இடத்திலும் ஆர்வக் கோளாறில் 'வாரம் ஒருமுறை' என்று எழுதிவிட்டு, மாதம் ஒருமுறை அளந்தால், அது விதிமீறல்தான். செய்ய முடிகிறதை எழுதுங்கள். அந்தக் கையேட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது, 15 மாத இடைவெளியைத் தாண்டாமல், மறுபரிசீலனை செய்ய வேண்டும். மறுபரிசீலனையில் எதையும் மாற்றவில்லை என்றாலும், பார்த்த தேதியும் பார்த்தவர் பெயரும் பதிவாக வேண்டும்.

இனி ஆனுலஸ் அழுத்தம். ஒரு கேசிங்குக்கும் அடுத்த கேசிங்குக்கும் இடையிலுள்ள வளைய வெளியைத்தான் ஆனுலஸ் என்கிறோம். கிணறு கெட்டுப்போவதற்கான முதல் தடயம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். பதிவேட்டில் 52 வாரமும் '0' என்று இருந்தால் நல்ல ஆய்வாளர் சந்தோஷப்பட மாட்டார். நேரே கிணற்றடிக்குப் போவார். கேஜுக்கு முன்னால் இருக்கும் ஊசி வால்வு மூடியே கிடக்கலாம். முள் சிக்கிக்கொண்டிருக்கலாம். 0–3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) கேஜை மாட்டியிருந்தால், 20 பிஎஸ்ஐ என்பது முள்ளின் தடிமனுக்குள்ளேயே மறைந்துவிடும். அங்கே 0–60 கேஜ் போதும். எதிர்பார்க்கும் அளவு கேஜின் நடுப்பகுதியில் விழ வேண்டும்.

'35' என்று மட்டும் எழுதிய பதிவால் பயனில்லை. எந்த ஆனுலஸ், எத்தனை மணிக்கு, கேஜ் எண் என்ன, கடைசியாக அளவுத்திருத்தம் செய்த தேதி என்ன, கிணறு அப்போது ஏற்றத்தில் இருந்ததா, எடுப்பில் இருந்ததா, மூடி இருந்ததா என்பதும் சேர்ந்து இருக்க வேண்டும். கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சூடான வாயு ஓடும்போது ஆனுலஸில் இருக்கும் திரவம் விரிந்து அழுத்தம் ஏறும். கிணற்றின் நிலை தெரியாவிட்டால், ஏறியது வெப்பத்தாலா, ஓட்டையாலா என்று பின்னாளில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வரம்பைத் தாண்டினால் ஆராய வேண்டும் என்பது நெறிமுறை. ஆனால் அந்த வரம்பு எத்தனை பிஎஸ்ஐ என்றே எழுதாத கையேடுகளும் உண்டு. எண்ணைப் போட்டுவிடுங்கள். தாண்டினால் ஊசி வால்வை மெல்லத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். எத்தனை நிமிடத்தில் இறங்கியது, வந்தது வாயுவா தண்ணீரா என்று எழுதுங்கள். மூடிவிட்டு 24 மணி நேரம் ஏற்றத்தைக் கவனியுங்கள். இறங்கி, திரும்ப ஏறவில்லை என்றால் பெரும்பாலும் வெப்ப விரிவு. மெல்ல ஏறினால் சிறு கசிவு. திறந்து வைத்தும் சுழியத்துக்கு இறங்கவே இல்லை என்றால் அது அவசர வேலை. எந்த நிலையிலும் வாயு மாதிரி எடுத்துச் சேமிப்பு வாயுவோடு ஒப்பிட்ட ஆய்வக அறிக்கை அந்தக் கிணற்றின் கோப்பில் இருக்க வேண்டும். மேலடுக்கில் இயல்பாக இருக்கும் வாயுவும் ஆனுலஸுக்கு வந்து சேரலாம் என்பதால்தான் இந்த ஒப்பீடு.

வால்வு சோதனை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கிணற்றின் தலையில் உள்ள மாஸ்டர் வால்வும் குழாய்வழியைத் துண்டிக்கும் வால்வும் ஆண்டுக்கு ஒருமுறை இயங்குகின்றனவா, அடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 'ஓகே' என்ற ஒரு சொல் பதிவாகாது. மூட எத்தனை சுற்று, மூடியபின் மறுபக்க அழுத்தம் எவ்வளவு, எத்தனை நிமிடம் நின்றது என்று வேண்டும். போன ஆண்டைவிடக் குறைந்த சுற்றிலேயே நின்றுவிட்டால், வால்வுக்குள் அடைக்கும் தகடான கேட் முழுதாக இறங்கவில்லை என்று பொருள்.

கேசிங் லாக்குகளை ஒப்பிடும்போது ஆழக் கணக்கில் ஒரு பொறி உண்டு. தோண்டும் ரிக்கின் மேடையில், தரைக்கு மேலே இருக்கும் கெல்லி புஷிங்கிலிருந்து அளந்த பழைய லாக்கையும் தரைமட்டத்திலிருந்து அளந்த புதிய லாக்கையும் அப்படியே பக்கத்தில் வைத்தால், பத்து அடிக்கு மேல் தள்ளிப் போய்விடலாம். அரிப்பு வளர்ந்திருக்கும், நாம் வேறு இடத்தைப் பார்த்து 'மாற்றமில்லை' என்று எழுதுவோம். லாக்கின் தலைப்பில் அளவின் தொடக்கப் புள்ளியை எழுதச் சொல்லுங்கள். ஒப்பிடுவதற்கு முன் குழாய் இணைப்புகளை ஒன்றோடொன்று பொருத்துங்கள். டியூபிங்கை எடுக்காமல் உள்ளிருந்தே எடுக்கும் லாக் சராசரி இழப்பைத்தான் நன்றாகக் காட்டும், சிறு குழிகளைத் தவறவிடலாம். எந்தக் கருவி என்பதும் பதிவில் வேண்டும்.

பென்சில்வேனியாவின் ரேகர் மவுண்டன் கிடங்கில் 2022 நவம்பரில் ஒரு கிணறு சுமார் இரண்டு வாரம் கசிந்து, 100 கோடி கன அடிக்கு மேல் வாயு வெளியேறியது. அங்கும் கேசிங் அரிப்புதான். விதி வந்துவிட்டால் குழாய் அரிக்காமல் இருந்துவிடாது.

இறுதி விதிப்படி, ஏற்கெனவே இயங்கிவரும் கிடங்குகளில் கிணறுகளின் முதல் இடர் மதிப்பீடு 40 சதவீதம் 2024 மார்ச் 13-க்குள் முடிந்திருக்க வேண்டும்; முழுவதும் முடிப்பதற்குக் கெடு 2027 மார்ச் 13. அதன்பின் ஏழு ஆண்டுக்கு மேல் இடைவெளி கூடாது. அந்தப் பதிவுகள் கிடங்கு இயங்கும் காலம் முழுவதும் இருக்க வேண்டும். விபத்து என்றால், உறுதியாகத் தெரிந்த ஒரு மணி நேரத்துக்குள் தேசிய அவசர மையத்துக்கு (நேஷனல் ரெஸ்பான்ஸ் சென்டர்) தகவல், 48 மணி நேரத்துக்குள் திருத்தம் அல்லது உறுதி, 30 நாளில் எழுத்து அறிக்கை. தற்செயலாக 30 லட்சம் கன அடி வாயு போனாலே அது விபத்துக் கணக்குதான். 'உறுதியாகத் தெரிந்த' நேரத்தைப் பணிக்குறிப்பில் மணி, நிமிடத்தோடு எழுதாததால் மாட்டிக்கொள்வது சகஜம்.

கைவிட்ட கிணறுகளின் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2001 ஜனவரியில் கேன்சஸின் யாகி உப்புக் குகைக் கிடங்கில் கசிந்த வாயு, சுமார் 7 மைல் நிலத்தடியில் ஓடி, ஹட்சின்சன் நகருக்குள் மறக்கப்பட்ட பழைய உப்புநீர்க் கிணறுகள் வழியாக மேலே வந்தது. இருவர் இறந்தார்கள்.

கிடங்கு கைமாறும்போது கிணற்றின் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் பட்டியலை முதலில் கேட்டு வாங்குங்கள். 1950-களின் தோண்டல் அறிக்கை கிடைக்கவில்லை என்றால், 'கிடைக்கவில்லை' என்றே எழுதி, சிமென்ட் எதுவரை இருக்கிறது என்று அறிய லாக்குக்குத் தேதி குறியுங்கள். பின்தேதியிட்டு நிரப்ப வேண்டாம். தவறான எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் போடுங்கள். அடித்த எண் படிக்கும்படி இருக்கட்டும்.