பத்து வருட வொரண்டி எதற்கு? பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

"பத்து வருஷ வொரண்டி எண்டு சொல்லித்தானே தம்பி தந்தாங்க?"

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் பிரிட்ஜ் திருத்துவது என் தொழில். வேலைக்குப் போகும் வீடுகளில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். வொரண்டி அட்டையை எடுத்துவரச் சொல்லி வாசித்துக் காட்டினால் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடும். கொம்பிரசருக்கு மட்டும்தான் பத்து வருடம். மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு வருடம், சில கொம்பனிகளில் இரண்டு.

கொம்பிரசர் என்பது பின்பக்கம் அடியில் இருக்கும் கறுப்பு உருண்டை. இப்போது வரும் பிரிட்ஜ்களில் லேசில் பழுதாகாத பாகம் அதுதான். என் கைக்கு வருபவற்றில் போர்ட் (பிரிட்ஜின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரோனிக் பலகை) எரிந்ததும், சென்சர் போனதும், விசிறி மோட்டார் இறுகியதும், குழாயில் குளிரூட்டும் காஸ் ஒழுகியதும்தான் அதிகம். கதவில் பெரிதாக ஒட்டியிருக்கும் '10' என்ற ஸ்டிக்கர் இவற்றில் ஒன்றுக்கும் உதவாது. கொம்பிரசரே போனாலும் பல அட்டைகளில் பாகம் மட்டும்தான் இலவசம். காஸ் நிரப்புகிற காசு, வேலைக் கூலி, சேர்விஸ் சென்டருக்கு ஏற்றி இறக்குகிற வண்டிக் கூலி எல்லாம் உங்கள் தலையில்தான்.

ஆகவே காசு கட்டுவதற்கு முதல் அட்டையைக் கையில் வாங்கி வாசியுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வது போதாது. போர்டுக்கு எத்தனை வருடம்? காஸ் ஒழுக்குக்கு வொரண்டி உண்டா? பழுதானால் ஆள் வீட்டுக்கு வருவாரா, நாங்கள் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா? இந்த மூன்றையும் கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் அந்த வாக்குறுதிக்குப் பெறுமதி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு விசயம் இருக்கிறது. நாவலடியில், கடலுக்குக் கிட்டிய ஒரு வீட்டில், வாங்கி மூன்றாம் வருடத்தில் பிரிட்ஜ் ஓடுகிறது, குளிர் இல்லை என்று கூப்பிட்டார்கள். ஒற்றைக் கதவுப் பிரிட்ஜ். ஐஸ் தட்டில் பாதிக்கு மட்டும் பனி படிந்திருந்தது, மறுபாதி காய்ந்து கிடந்தது. காஸ் குறைந்ததற்கு அது அடையாளம். பின்னால் தெரிகிற மூட்டுகளில் சவர்க்கார நுரை வைத்துப் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. வலப்பக்கத் தகட்டின் கீழ் ஓரத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தது. நகத்தால் சுரண்டியதும் துரு பொலபொலவென்று கொட்டியது. முந்திய பிரிட்ஜ்களில் சூட்டை வெளியேற்றும் குழாய் முதுகில் வலை மாதிரி வெளியே தெரியும். இப்போதைய பலவற்றில் அது பக்கச் சுவருக்குள், தகட்டுக்கும் உள் ஃபோமுக்கும் நடுவே புதைந்திருக்கிறது. அங்கே ஓட்டை விழுந்தால் கைபோட்டு ஒட்ட முடியாது. அந்தக் குழாயை அப்படியே விலக்கிவிட்டு, முதுகில் புதிதாக ஒரு கண்டன்சர் (சூட்டை வெளியேற்றும் குழாய் வலை) பூட்டித்தான் ஓடவைக்க வேண்டும். அந்த அக்காவுக்கு அதையே செய்து கொடுத்தேன். கொம்பிரசர் அன்றும் நல்லாகத்தான் இருந்தது.

கல்லடி, நாவலடி, பாண்டிருப்பு என்று வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை நெடுகிலும் கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. இங்கே இருப்பவர்கள் முதுகில் வலை தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதை எடுப்பது நல்லது, ஒழுகினால் மாற்றலாம். கிடைக்காவிட்டால் பிரிட்ஜை நிலத்தில் வைக்காமல் ஸ்டாண்டில் தூக்கி வையுங்கள். வீடு கழுவுகிற தண்ணீர் கீழ் ஓரத்தில் ஊறுவதுதான் பாதித் துருவுக்குக் காரணம். இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். சின்ன வீடு என்று சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உப்பு குறைவு, கரண்ட்தான் பிரச்சினை. லைன் முடிகிற இடங்களில் பின்னேரம் எல்லா வீட்டிலும் லைட் போட்டதும் வோல்டேஜ் இறங்கும். கரண்ட் போய்ப் போய் வரும். வோல்டேஜ் கூடிக் குறைந்தால் கரண்டை வெட்டி, சற்று நேரம் பிந்தித் திரும்பக் கொடுக்கிற வோல்டேஜ் கார்ட் ஒன்றைப் பிரிட்ஜோடு சேர்த்தே வாங்குங்கள். போர்ட் ஒன்று மாற்றுகிற செலவோடு பார்த்தால் அதன் விலை அற்பம்.

உள்ளே, அல்லது முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். 'என்' (N) என்றால் சுற்றுச் சூடு 32 பாகை வரைக்கும், 'எஸ்டி' (ST) என்றால் 38 வரைக்கும், 'டி' (T) என்றால் 43 வரைக்கும் தாங்கும் என்று அர்த்தம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் குசினிகளின் சூட்டை நினைத்துப் பாருங்கள். 'டி' இல்லாததை எடுக்க வேண்டாம். அதே லேபிளில் ஒரு நாளைக்கோ ஒரு வருடத்துக்கோ எத்தனை யூனிட் என்றும் இருக்கும். நாளொன்றுக்கு 0.8 என்றால் மாதம் 24 யூனிட். வீட்டுப் பாவனை மாதம் 60 யூனிட்டைத் தாண்டியதும் கட்டண முறையே மாறிவிடுவதால், 50ல் நிற்கிற வீட்டுக்குப் பெரிய பிரிட்ஜ் வந்தால் பில் எங்கே போகும் என்று முதலே கணக்குப் பார்ப்பது நல்லது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரட்டைக் கதவு எதற்கு என்று நான் வெளிப்படையாகவே கேட்பேன்.

தவணைக்கு எடுப்பவர்கள்தான் எங்கள் பக்கம் கூட. அதில் பிழை இல்லை, ஆனால் வட்டிக் கணக்கு விளங்க வேண்டும். 150,000 ரூபா கடன், வருடம் 20 வீத வட்டி, இரண்டு வருடம் என்று வையுங்கள். வட்டி 60,000, மொத்தம் 210,000, மாதம் 8,750. கேட்க 20 வீதம்தான். ஆனால் மாதாமாதம் முதலையும் கட்டிக்கொண்டு வருகிறீர்கள், வட்டியோ கடைசி மாதம் வரைக்கும் முழு 150,000க்கும் போடப்படுகிறது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் போட்டால் உண்மை வட்டி ஏறக்குறைய 35 வீதம். 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டப்படி, வாடகைக் கொள்வனவு ஒப்பந்தத்தில் கைக்காசு விலையும் தவணை விலையும் எழுதப்பட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள். வாடகைக் கொள்வனவில் கடைசித் தவணை கட்டும்வரை பொருள் உங்களுக்குச் சொந்தமில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பழைய பிரிட்ஜ் எடுப்பவர்களுக்குச் சுருக்கமாக: விற்பவரின் வீட்டில் இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள், பனி ஒரே சீராகப் படிய வேண்டும். கொம்பிரசர் பக்கத்துச் சின்னக் குழாயின் நுனியில் புது ஒட்டு மினுங்கினால் அண்மையில் காஸ் நிரப்பியிருக்கிறார்கள். ஏன் நிரப்பினார்கள் என்று கேளுங்கள்.

புதிதாக வாங்கியது சில கிழமையிலேயே பழுதானால் என்ன செய்வது? இங்கேதான் எங்கள் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் "நாளைக்கு ஆள் வரும்", "கொழும்பில இருந்து சாமான் வரணும்" என்று இழுப்பார். முகத்துக்கு அஞ்சி நாங்களும் பார்த்திருப்போம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஏற்ப அமையாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். விசாரணையில் உங்கள் பக்கம் நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். அந்த மூன்று மாதத்தை நாளை நாளை என்று சொல்லியே கடத்திவிட இடம் கொடுக்காதீர்கள். இரண்டாம் தடவை "நாளைக்கு" என்றதும் அதிகாரசபைக்குக் கடிதம் எழுதுங்கள். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். மாவட்டச் செயலகத்திலும் கேட்கலாம்.

இதற்கெல்லாம் ஆதாரம் பில்தான். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது வியாபாரிக்குச் சட்டம் விதித்த கடமை. அதில் மொடலும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும், முதுகில் உள்ள நம்பரோடு ஒத்துப்பார்த்தே வீட்டுக்குள் இறக்குங்கள். லொறியில் படுக்கவைத்துக் கொண்டு வந்திருந்தால் உடனே பிளக் குத்த வேண்டாம், நிமிர்த்தி வைத்து நாலைந்து மணித்தியாலம் விடுங்கள், குழாய்க்குள் ஏறிய எண்ணெய் கொம்பிரசருக்கு இறங்கட்டும். இன்னொன்று: இப்போது தருகிற மினுங்கல் தாள் பில் அலுமாரிக்குள் கிடந்தே வெளிறி, ஒரு வருடத்தில் வெறுந்தாள் ஆகிவிடுகிறது. வாங்கிய அன்றே ஃபோட்டோக் கொப்பி எடுத்து வொரண்டி அட்டையோடு பின் பண்ணி வையுங்கள். கையோடு ஃபோனிலும் ஒரு படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள்.