விமானத்தில் பிள்ளைக்கு அம்மா பக்கத்து இருக்கை: பணம் கட்டுமுன் பிஎன்ஆரைப் பாருங்கள்

சென்ற மே மாதம் மும்பை விமான நிலையத்தில், தாராவியிலிருந்து ஊர்க் கோயில் கொடைக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மடியில் கைக்குழந்தையோடு தாய்க்கு ஏழாவது வரிசை, தந்தைக்குப் பதினைந்தாவது வரிசை, ஆறு வயது மகளுக்கு இருபத்து நான்காவது வரிசை என்று இருக்கை விழுந்திருந்தது. சேர்ந்து உட்கார வேண்டுமானால் இரண்டு இருக்கைக்குப் பணம் கட்டுங்கள், இல்லையென்றால் விமானத்துக்குள் போய் யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். தந்தை பணத்தைக் கட்டிவிட்டார். கட்டியிருக்க வேண்டியதில்லை என்று சொல்வதற்காக அவருடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். பிள்ளையின் பெயர் மட்டும் தனிப் பிஎன்ஆரில், அதாவது தனி முன்பதிவுக் குறியீட்டில், இருந்தது. அதற்குப் பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை.

விதி சுருக்கமானது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ, 2024 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அதே பிஎன்ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவரோடாவது சேர்த்து இருக்கை ஒதுக்குவதை விமான நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும். ஒதுக்கியதற்கான பதிவையும் வைத்திருக்க வேண்டும். விரும்பிய இருக்கைக்குத் தனிக் கட்டணம் வாங்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு என்றாலும், அது பயணி தானாக விரும்பித் தேர்ந்தெடுப்பதாக இருக்க வேண்டுமே தவிர, கட்டாயமாக இருக்கக் கூடாது. இருக்கை எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு இருக்கை தானாகவே ஒதுக்கப்பட வேண்டும்.

இந்த விதியில் எல்லாரும் இடறி விழுகிற இடம் ‘அதே பிஎன்ஆர்’ என்ற சொற்கள்தான். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர்களில் பலர் தெரிந்த டிராவல்ஸ்காரரிடம் பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு டிக்கெட்டுக்காகக் காத்திருப்பவர்கள். குறைந்த கட்டணத்தில் மூன்று இடம்தான் மிச்சம் என்றால் அவர் மூவரை ஒரு பிஎன்ஆரிலும் நான்காமவரை அடுத்த கட்டணத்தில் வேறொரு பிஎன்ஆரிலும் போட்டுவிடுவார்; நமக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகவே அவர் நினைப்பார். அந்த நான்காமவர் பிள்ளையாக இருந்துவிட்டால் விதி உங்களுக்குக் கைகொடுக்காது. ஒரு முன்பதிவில் பொதுவாக ஒன்பது பேருக்கு மேல் சேர்க்க முடியாது என்பதால், பதினொரு பேர் சேர்ந்து போகிற குடும்பங்களில் பெரியவர்களை ஒன்றாகவும் பிள்ளைகளை ஒன்றாகவும் பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் தாயோ தந்தையோ இருக்கும் பிஎன்ஆரிலேயே இருக்கும்படி பிரிக்கச் சொல்லுங்கள். டிக்கெட் வந்ததும் எல்லாப் பக்கங்களிலும் அந்த ஆறு எழுத்துக் குறியீடு ஒன்றுதானா என்று பாருங்கள். சரியில்லையென்றால் அன்றைக்கே சொல்லுங்கள், ஏனெனில் நாள் போகப்போக மாற்றுவதற்கான செலவு உங்கள் தலையில்தான் விழும். பின்னால் தந்தை மட்டும் பயணத் தேதியை மாற்றினாலும் பிஎன்ஆர் இரண்டாகப் பிரியும். அப்போது பிள்ளை யாரோடு நிற்கிறது என்பதை மறுபடியும் பார்க்க வேண்டும்.

வயதிலும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு வயது நிறைந்த பிள்ளைக்கு உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவருக்கான கட்டணமே என்பதால், பிள்ளையைப் பெரியவர் என்றே பதிந்துவிடும் முகவர்கள் இருக்கிறார்கள். கணினியில் பெரியவராகத் தெரியும் பிள்ளையைத் தாயின் பக்கத்தில் உட்காரவைக்க அந்தக் கணினிக்குக் காரணம் இல்லை. பிறந்த தேதியோடு பிள்ளை என்றே பதியச் சொல்லுங்கள். வயதைக் காட்ட ஆதாரோ பிறப்புச் சான்றிதழோ கையில் இருக்கட்டும். பதின்மூன்று வயது மகனுக்கும் எழுபத்தைந்து வயது மாமியாருக்கும் இந்த விதி பொருந்தாது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளை ஊருக்கு அழைத்துப் போகிற பாட்டி, அதே பிஎன்ஆரில் இருந்தால், பாதுகாவலர் என்ற முறையில் இதைக் கேட்கலாம்.

கேட்கும்போது அளவறிந்து கேட்பது நல்லது. பெற்றோரில் ஒருவரோடு என்றுதான் விதி சொல்கிறதே தவிர, நான்கு பேரும் ஒரே வரிசையில் என்று சொல்லவில்லை. சன்னல் ஓரமோ முன்வரிசையோ தரவேண்டும் என்றும் இல்லை. மேலே சொன்ன குடும்பம் ஒரே பிஎன்ஆரில் இருந்திருந்தால்கூட, மகளைத் தந்தையோடு உட்காரவைத்துவிட்டுத் தாயையும் கைக்குழந்தையையும் வேறு வரிசையில் விட்டாலும் நிறுவனம் விதியை மீறியதாகாது.

இணையத்தில் நாமே போர்டிங் பாஸ் எடுத்துக்கொள்ளும் வெப் செக்கின் திரை பணம் வாங்குவதற்காகவே அமைக்கப்பட்டது போலிருக்கும். இருக்கைப் படம் முழுவதும் விலையோடு விரியும். பணமில்லாமல் கடந்து செல்வதற்கான வழி ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடி அழுத்துங்கள். பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே வெப் செக்கின் தொடங்கிவிடுகிறது. தொடங்கியவுடன் எல்லாருக்கும் ஒன்றாகச் செய்துவிடுங்கள், தந்தை தன் கைப்பேசியில் தனக்கு மட்டும் முதலில் முடித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளை தனியாக விழுந்தால் அந்தத் திரையைப் படமெடுத்துக்கொண்டு அப்போதே நிறுவனத்தை அழையுங்கள். கவுன்ட்டரில் போர்டிங் பாஸ் வாங்கத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விமான நிலையத்தில் நடக்கும் அலைக்கழிப்புக்கு ஒரு வரிசை முறையே உண்டு. கவுன்ட்டரில் கேட்டால் விமானம் ஏறும் வாசலில் சொல்லுங்கள் என்பார்கள், வாசலில் கேட்டால் உள்ளே இருக்கும் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள், உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள் என்பார்கள். சன்னல் இருக்கைக்குப் பணம் கட்டிய அந்த மனிதர் மறுத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. நிறுவனத்தின் கடமையை அவருடைய பெருந்தன்மையின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே கவுன்ட்டரைவிட்டு நகராதீர்கள். உள்நாட்டுப் பயணத்துக்குக் கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும் என்பதால் இரண்டு மணி நேரத்துக்கு முன்னதாகவே அங்கே இருங்கள். டிஜிசிஏ விதிப்படி பிள்ளைக்குப் பெற்றோரோடு இருக்கை வேண்டும், ஒதுக்க முடியாதென்றால் எழுதிக் கொடுங்கள் என்று, இந்தியிலோ மராத்தியிலோ எது வருமோ அதில், குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். எழுதிக் கொடுங்கள் என்றதும் மேலாளர் வந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வேறு வழியின்றிப் பணம் கட்ட நேர்ந்தால் ரசீதை வாங்கிக்கொண்டு, நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். பிள்ளைக்கு இருக்கை ஒதுக்கியதற்கான பதிவைக் காட்டும்படி அதிலேயே கேளுங்கள். டிக்கெட் விற்கும் வேறோர் இணையதளம் வழியே வாங்கிய டிக்கெட் என்றால், அவர்கள் விமான நிறுவனத்தைக் கேள் என்பார்கள், நிறுவனம் அவர்களைக் கேள் என்னும். இருவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது இந்தப் பந்தாட்டத்தைக் குறைக்கும். அடுத்தது அமைச்சகத்தின் ஏர்சேவா என்ற புகார்த் தளம். அங்கே பதிந்த புகாரும் பதிலுக்காக அதே நிறுவனத்திடம்தான் போகும் என்பதும், வருத்தம் தெரிவிக்கும் நான்கு வரியோடு முடித்துவைக்கப்படலாம் என்பதும் தெரிந்தே செல்லுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம்.

அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு ஊரில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, காலவரம்பு இரண்டு ஆண்டு. தாராவியும் மாட்டுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். மனுவைத் தவறான ஆணையத்தில் கொடுத்துத் திருப்பி வாங்குவதில் மாதங்கள் போய்விடும் என்பதால், உங்கள் முகவரி எந்த ஆணையத்தின் எல்லையில் வருகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.