நெக்ராலஜி: இறப்பியல் அன்று, இறந்தோர் நினைவேடு

கத்தோலிக்க ஆண்கள் சபைகளின் ஆண்டு மலரில் கடைசிப் பக்கங்கள் காலஞ்சென்ற உறுப்பினர்களுக்கு உரியவை. பெயர், இறந்த நாள், வகித்த பொறுப்பு என வரிசையாக இருக்கும். ஆங்கிலத்தில் அந்தப் பக்கத்துக்கு நெக்ராலஜி என்று பெயர். அதைத் தமிழாக்குகிறவர்கள் 'இறப்பியல்' என்று தலைப்பு இடுகிறார்கள். 'மரணவியல்' என்று போடுகிறவர்களும் உண்டு. நவம்பர் மாத அழைப்பிதழிலும் இது ஏறிவிட்டது: 'திருப்பலிக்கு முன் இறப்பியல் வாசிக்கப்படும்.' கணவனையோ தந்தையையோ இழந்த குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அவர் பெயரை ஓர் ஆராய்ச்சித் துறையின் பெயருக்குக் கீழே வாசிக்கிறோம். இது தவறு. நிறுத்த வேண்டிய தவறு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் 'நெக்ரோஸ்' என்றால் இறந்தவர். 'லோகோஸ்' என்றால் சொல், உரை, கணக்கு. அதன் வினையாகிய 'லெகெயின்' சொல்லுவதையும் குறிக்கும், பொறுக்கிச் சேர்ப்பதையும் குறிக்கும். இடைக்கால இலத்தீனில் இது 'நெக்ரொலோகியும்' ஆயிற்று. துறவு மடங்களில் இறந்தவர்களின் பெயர் எழுதிவைத்த ஏட்டுக்கு அதுவே பெயர். ஆங்கிலத்துக்கு அங்கிருந்துதான் வந்தது.

'லஜி' என்று முடிந்தால் 'இயல்' என்று போடு என்பது மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். உயிரியல், சமூகவியல், உளவியல் என்று துறைப் பெயர்களுக்கு அது பொருந்தி வந்தது. துறை அல்லாத இடத்தில் அது பொருந்தாது. ஆந்தாலஜி என்ற சொல்லைப் பாருங்கள். 'ஆந்தோஸ்' என்றால் பூ. அதைப் 'பூவியல்' என்று யாராவது மொழிபெயர்த்தார்களா? தொகை என்றோம், திரட்டு என்றோம். எட்டுத்தொகை இருக்கும் மொழியில் அந்தச் சொல்லுக்கு நாம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஜீனியாலஜி என்பதும் 'லஜி'யில்தான் முடிகிறது. மத்தேயு நற்செய்தியின் முதல் வரியில் அது வரும்போது திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'மூதாதையர் பட்டியல்' என்று நேராகச் சொல்கிறது. மறைச்சாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர்தந்தவர்களின், பெயர்களை நாள்வாரியாகத் தரும் மார்ட்டிராலஜியும் ஓர் ஏடுதான், துறை அன்று. நெக்ராலஜி அதன் உடன்பிறப்பு. ஒரே வரிசையில் நிற்கும் சொற்களில் இதற்கு மட்டும் ஏன் இயல்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சாவையும் சாகிறவர்களின் நிலையையும் ஆராயும் துறை ஒன்று உண்மையிலேயே உண்டு. தனடாலஜி என்பார்கள். இறப்பியல் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். ஆட்கள் ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டில் இன்னொரு குடும்பத்தை ஏற்றியிருக்கிறோம்.

அந்த ஏடு எப்படிப் பயன்பட்டது என்று தெரிந்தால் பெயரும் தானாகத் தெளியும். மடங்களில் காலைச் செபத்துக்குப் பின் துறவியர் மன்ற அறையில் கூடுவார்கள். அன்றைய நாளுக்குரிய மறைச்சாட்சிகளின் பெயர்கள் வாசிக்கப்படும். அடுத்து, அதே நாளில் முன்பு எப்போதோ இறந்த துறவியர், மடத்துக்கு உதவி செய்த, துறவியர் அல்லாத பொதுநிலையினர் ஆகியோரின் பெயர்கள். ஏடு ஆண்டு வாரியாக அன்றி நாள்வாரியாக அமைந்திருந்தது. பல ஏடுகளில் இறந்த ஆண்டே இல்லை. பிற்கால வரலாற்று ஆய்வாளருக்கு அது பெருந்தொல்லை. எழுதியவருக்கோ ஆண்டு தேவைப்படவில்லை. எந்த நாளில் அவருக்காகச் செபிப்பது என்பது மட்டும் தெரிந்தால் போதும். மடங்கள் ஒன்றுக்கொன்று பெயர்களை அனுப்பிக்கொள்ளும் உடன்பாடும் இருந்தது. 824-ஆம் ஆண்டில் தென் ஜெர்மனியின் ரைக்கனாவ் மடத்தில் தொடங்கிய சகோதரத்துவ ஏட்டில் அன்று உயிரோடிருந்தோரும் இறந்தோருமாகச் சுமார் 38,000 பெயர்கள் உள்ளன. 1000-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரான்சின் குளூனி மடத்தின் தலைவர் ஓதிலோ நவம்பர் 2-ஐ இறந்த நம்பிக்கையாளர் அனைவருக்குமான நாளாகத் தம் மடங்களில் ஏற்படுத்தினார். இன்று சபைகள் நவம்பரில் பெயர் வாசிப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

ஆக நெக்ராலஜி என்பது ஓர் ஏடு. அதை வாய்விட்டு வாசிக்க வேண்டும், வாசித்தபின் செபிக்க வேண்டும். சொல் இந்த மூன்றையும் தாங்க வேண்டும்.

இறப்பியலை விட்டுவிட்டவர்கள் அடுத்துப் போய் நிற்கும் இடம் 'அமரர் பட்டியல்'. கேட்க இனிமையாக இருக்கிறது என்பதால் இது பரவுகிறது. அமரர் என்றால் சாகாதவர், தேவர். 'அடக்கம் அமரருள் உய்க்கும்' என்ற குறளில் அந்தப் பொருள்தான். இறந்தவரை அமரர் என்பது அவர் தேவருலகை அடைந்துவிட்டார் என்று அறிவிப்பது. கத்தோலிக்கச் சபை பெயர் வாசிப்பதோ அவர் இன்னும் தூய்மை பெற்றுக்கொண்டிருக்கலாம், நம் செபம் அவருக்கு உதவும் என்பதற்காக. மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், போரில் விழுந்தவர்களுக்காக யூதப் படைத்தலைவர் யூதா பணம் திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். அவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று எதிர்பார்க்காவிட்டால் அந்த மன்றாட்டே வீணாகியிருக்கும் என்று நூல் சொல்கிறது. அமரர் என்று முடிவுகட்டிவிட்டால் நமக்கும் மன்றாட வேலை இல்லை. துக்க வீட்டில் ஆறுதலுக்கு 'இறைவனடி சேர்ந்தார்' என்று சொல்வதை யாரும் குறைகூறவில்லை. செபத்துக்காக வைத்திருக்கும் ஏட்டின் தலைப்பில் அந்த முடிவை எழுதுவது வேறு. புனிதர் பட்டம் தரும் அதிகாரம் சபைச் செயலாளருக்கு இல்லை.

'நீத்தார் பட்டியல்' என்பது தனித்தமிழ் அன்பர்களின் பரிந்துரை. நல்ல தமிழ்ச்சொல் என்பதில் ஐயம் இல்லை. நீத்தார் கடன் என்ற வழக்கும் உண்டு. ஆனால் குறளின் மூன்றாம் அதிகாரமாகிய 'நீத்தார் பெருமை' பேசுவது துறவிகளைப் பற்றி. நீத்தல் என்பது விடுதல். அதில் விடுகிறவரின் விருப்பம் இருக்கிறது. 'உயிர்நீப்பர் மானம் வரின்' என்ற குறளிலும் அது தானாக விடுவதுதான். நோயில் படுத்து, வாழ ஆசைப்பட்டு, இறந்துபோன ஒரு சகோதரரை அந்தச் சொல் சரியாகத் தொடவில்லை. சபைக்குள் இன்னொரு குழப்பமும் வரும்: சபையை நீத்தவர், அதாவது விலகிப் போனவர், என்றும் அதற்குப் பொருள் கொள்ள இடம் இருக்கிறது. உறுப்பினர் ஏட்டில் விலகியவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கும் அல்லவா? இரண்டு பக்கத்துக்கும் ஒரே தலைப்புப் பொருந்துமானால் அது நல்ல தலைப்பு ஆகாது.

இதே அதிகாரத்தில்தான் துறந்தார் பெருமையை அளந்து சொல்வது 'வையத்து இறந்தாரை எண்ணிக்கொண் டற்று' என்று வள்ளுவர் சொல்கிறார். உலகில் இறந்தவர்களை எண்ணி முடிக்க முடியாது என்பது உவமை. இறந்தவரைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் கை இயல்பாகப் போனது 'இறந்தார்' என்ற சொல்லுக்கு.

இந்தச் சொல்லைச் சிலர் கடுமையானது என்று ஒதுக்குகிறார்கள். அதன் பழம்பொருள் தெரிந்தால் ஒதுக்க மாட்டார்கள். இறத்தல் என்றால் கடத்தல். இறந்த காலம் என்று நாள்தோறும் சொல்கிறோமே, அது கடந்துபோன காலம். 'இறந்தார்வாய் இன்னாச்சொல்' என்று குறளில் வரும் இறந்தார், நெறியைக் கடந்தவர். ஆக இறந்தவர் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்குக் கடந்தவர். உயிர்ப்பை நம்புகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எங்கே கிடைக்கும்? நம்பிக்கை அறிக்கையிலும் 'இறந்தோரிடமிருந்து உயிர்த்தெழுந்தார்' என்றுதான் அறிக்கையிடுகிறோம். கிறிஸ்துவுக்குச் சொல்லத் தயங்காத சொல்லை உறுப்பினருக்குச் சொல்லத் தயங்க வேண்டாம். பழைய செபங்களின் 'மரித்தோர்' என்பதும் தவறில்லை. முதியவர்கள் அதிகம் உள்ள சபை அதையே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து 'ஏடு'. பட்டியல் என்பது பிழையான சொல் அன்று. மத்தேயுவுக்குப் போதுமானது நமக்கும் போதும். ஆனால் பட்டியல் ஒருமுறை தயாரித்து ஒட்டிவிடுவது. ஏடு வைத்துப் பேணுவது, ஆண்டுதோறும் வளர்வது. பழங்காலத் திருச்சபையில் திருப்பலியில் நினைவுகூர வேண்டியவர்களின் பெயர்கள் இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கட்டிய மடிப்பில் எழுதப்பட்டிருந்தன. ஓலையைக் கட்டிவைத்த நமக்கு ஏடு என்றதும் அந்த வடிவம் புரிகிறது.

'நினைவு' ஏன் வேண்டும் என்பதுதான் முக்கியம். உரோமை நற்கருணை மன்றாட்டில் இறந்தோருக்கான பகுதி 'மெமென்தோ' என்று தொடங்கும். நினைவுகூர்ந்தருளும் என்று பொருள். அங்கே நினைக்கும்படி கேட்கப்படுகிறவர் ஆண்டவர். நாம் மறப்போம், நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. அவர் மறக்கக் கூடாது என்பதே மன்றாட்டு. நினைவேடு என்றால் நம் நினைவுக்கும் ஆகும், அவர் நினைவுக்கும் ஆகும். நடுகல்லைப் பற்றி அகநானூறு சொல்லும் 'பெயரும் பீடும் எழுதி' என்ற அடி நம் மரபில் இதற்கு ஈடு. பீடு இல்லாவிட்டாலும் பெயர் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் வேறுபாடு.

அதனால் தலைப்பு 'இறந்தோர் நினைவேடு'. சபைக்குள் பேச்சில் 'நினைவேடு' என்றாலே போதும். வாசிக்கும் நிகழ்ச்சிக்குப் 'பெயர் வாசிப்பு'. இது பிடிக்கவில்லை என்றால் நெக்ராலஜி என்று தமிழ் எழுத்தில் அப்படியே போட்டுவிடுங்கள். தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

சொல்லைத் திருத்தும்போது பக்கத்தில் நிற்கும் சொற்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 'நினைவஞ்சலித் திருப்பலி' என்று அச்சடிக்கிறார்கள். அஞ்சலி என்பது கூப்பிய கை. அது இறந்தவரை நோக்கிச் செலுத்தும் மரியாதை. படத்துக்கு மாலையிடும்போது அந்தச் சொல் சரி. திருப்பலி இறந்தவருக்காக இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கப்படுவது, இறந்தவருக்கே செலுத்தப்படுவதன்று. 'நினைவுத் திருப்பலி' என்று எழுதினால் வேலை முடிந்தது. 'ஆன்மா சாந்தியடைய' என்பது அடுத்தது. இலத்தீனின் ரெக்வியெம் என்பது ஓய்வு, களைப்பு நீங்குதல். அதற்கு முன்னோர் 'நித்திய இளைப்பாற்றி' என்று அருமையாகத் தமிழ் தந்தார்கள். உழைத்துக் களைத்தவனுக்கு இளைப்பாற இடம் கேட்கும் சொல் அது. 'தந்தருளும் ஆண்டவரே' என்று கொடுக்கிறவரையும் விளித்துக் கேட்கும். சாந்தியடைவதில் களைப்பும் இல்லை, கொடுக்கிறவரும் இல்லை. கைக்கு எட்டும் தொலைவில் செபப் புத்தகம் இருக்க, அதைப் புரட்டாமல் செய்தித்தாளின் இரங்கல் விளம்பரத்திலிருந்து சொல் எடுப்பதுதான் இன்றைய மொழிபெயர்ப்பின் குறை.

பெயர் சரியானால் ஏடும் சரியாக அமைய வேண்டும். உறுப்பினர் எண் வரிசையிலோ பதவி வரிசையிலோ எழுதினால் அது அலுவலகப் பதிவேடு ஆகிவிடும். மாதம், நாள் என்ற வரிசையில் 366 வரிகளுக்கு இடம் விடுங்கள். பெப்ருவரி 29-ஐ மறக்க வேண்டாம், மற்ற ஆண்டுகளில் அந்தப் பெயரை 28-ஆம் நாளில் வாசிக்கலாம். ஒவ்வொரு பதிவிலும் திருமுழுக்குப் பெயர், தந்தை பெயர், சபையில் சேர்ந்த ஆண்டு, இறந்த நாள், அடக்கம் செய்த இடம் இருந்தால் போதும். தந்தை பெயர் கட்டாயம். அந்தோணியும் சூசையும் ஒவ்வொரு சபையிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அதிகம் நேரும் பிழை, அடக்கத்தின் நாளை இறந்த நாளாக எழுதுவது. பங்கின் அடக்கப் பதிவேட்டில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். அதைப் பார்த்தே எழுத வேண்டும், குடும்பத்தாரின் நினைவை மட்டும் நம்பக் கூடாது. நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்த இறப்பு பெரும்பாலும் முந்தைய நாளில் ஏறிவிடும். விலகியபின் இறந்தவரைச் சேர்ப்பதா என்பதை முன்பே தீர்மானித்து முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் செயலாளர் மாறும்போதெல்லாம் பெயர்கள் வருவதும் போவதுமாக இருக்கும்.

மாதக் கூட்டத்தில் அந்த மாதத்துப் பெயர்களை வாசித்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. நவம்பரில் முழு ஏட்டையும் வாசிக்கும்போதுதான் கணக்கு வேண்டும். ஒரு பெயரும் சிறு இடைவெளியும் சேர்ந்து நான்கு விநாடி. 120 பெயர் என்றால் எட்டு நிமிடம். பத்துப் பெயருக்கு ஒருமுறை 'நித்திய இளைப்பாற்றி' பதிலைச் சொன்னால் பன்னிரண்டு பதில், இன்னும் இரண்டு நிமிடம் சேரும். இதைத் திருப்பலி தொடங்கும் முன் முடித்துவிடுவது நல்லது. பட்டங்களையும் பொறுப்புகளையும் வாசிக்கையில் விட்டுவிடுங்கள். அடக்கத் திருப்பலியின் மறையுரையிலேயே புகழுரை கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறை 382-ஆம் எண்ணில் சொல்கிறது. பெயர் வாசிப்பிலும் அந்த ஒழுங்கையே பின்பற்றலாம். வாசிப்பவர் முந்தைய நாளே ஏட்டை வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். தலைப்பெழுத்துகளை ஆங்கில ஒலியில் படிக்காமல் தந்தை பெயரை முழுதாகச் சொன்னால், எந்த அந்தோணி என்பது பின்வரிசையில் இருக்கும் அவருடைய மகனுக்கும் தெரியும்.