கொல்லை மண் ஏன் மழையைக் குடிக்க மறுக்கிறது?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பல வருடம் பூட்டிக் கிடந்த பூர்விக வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார்கள். கொல்லையில் இடிந்த மாட்டுக்கொட்டகையின் செங்கல்லும் சிமெண்ட் கட்டிகளும் கிடக்கின்றன. முற்றத்தில் யாரோ ஒரு காலத்தில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். 'மழை பெய்தால் கொல்லையில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. நாலு நாள் வெயில் அடித்தால் கடப்பாரை இறங்கவில்லை. நாலைந்து லோடு செம்மண் அடித்துவிட்டுச் செடி வைக்கலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?' இதுதான் கேள்வி.

செம்மண் அடிக்க வேண்டாம். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல் அது. சத்துக்குக் குறைவில்லை. அதில் இல்லாமல் போனது இடைவெளி. நல்ல தோட்ட மண்ணில் ஏறக்குறைய பாதிதான் மண், மீதிப் பாதி வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் தண்ணீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்ளும். மிதிபட்டு, லாரி ஏறி, வெயிலில் வெறுமையாகக் காய்ந்த மண்ணில் இந்த இடைவெளிகள் மூடிப்போகின்றன. களிமண்ணின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராமை நெருங்கினாலே வேர் உள்ளே போகத் திணறும். அதன் மேல் செம்மண்ணைக் கொட்டினால் மேலே ஓர் அடிக்குச் செடி தளதளவென்று வரும். ஐப்பசியில் தண்ணீர் அந்தச் செம்மண்ணைத் தாண்டி இறங்க வழியில்லாமல் வேரிலேயே தேங்கும். செடி மஞ்சளடித்து நிற்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கொல்லையின் வெறும் தரையிலிருந்து சுண்டைக்காய் அளவில் ஒரு மண் கட்டி எடுங்கள். வேலியோரம், பல வருடமாக யாரும் கொத்தாத பூவரசு மரத்தடியில் சருகை விலக்கிவிட்டு அதே அளவில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிட்டு, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாகப் போடுங்கள். வெறும் தரைக் கட்டி போட்ட உடனே குமிழ் விடும். ஓரங்கள் பிய்ந்து விழும், நடுவில் வெடிப்பு ஓடும். சில நிமிடங்களில் டம்ளர் அடியில் சேறும் மேலே கலங்கல் தண்ணீரும்தான் இருக்கும். மரத்தடிக் கட்டியோ நனைந்து கறுத்து, பெரும்பாலும் அப்படியே கிடக்கும். தண்ணீரும் தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே கொல்லை, ஒரே வண்டல்.

ஏன் இப்படி? காய்ந்த கட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய. அவற்றுக்குள் காற்று இருக்கிறது. தண்ணீரில் போட்டதும் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் நீர் உள்ளே பாய்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த நுண்புழை ஏற்றம்தான் இது. துளை எவ்வளவு சிறிதோ இழுவை அவ்வளவு வலிது. ஒரு மைக்ரான் ஆரமுள்ள துளைக்குள் நீரை இழுக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எல்லா வாசலிலும் தண்ணீர் வந்துவிட்டதால் உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது நெருக்கப்பட்டு நெருக்கப்பட்டு, கடைசியில் கட்டியை உள்ளிருந்தே பிளந்துகொண்டு வருகிறது. நாம் பார்த்த குமிழ்கள் அந்தக் காற்றுதான். அதாவது, மண்ணைத் தண்ணீர் மட்டும் கரைக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அதை உடைக்கிறது.

இதே விஷயம்தான் கோடை கழிந்து முதல் பெருமழை விழும்போது உங்கள் கொல்லை முழுக்க நடக்கிறது. கூடவே மழைத்துளியின் அடியும் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் துளி ஒன்று வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில், கிட்டத்தட்ட மணிக்கு 32 கிலோமீட்டரில் வந்து விழுகிறது. உடைந்த துகள்கள் மிக நுண்ணியவை. தண்ணீரோடு நகர்ந்து, மிச்சமிருக்கும் துளைகளின் வாயில் போய் அடைத்துக்கொள்கின்றன. சில மில்லிமீட்டர் தடிமனுக்கு மேலே ஒரு மூடி விழுந்துவிடுகிறது. இனிமேல் எவ்வளவு மழை பெய்தாலும் நிற்கும், அல்லது தெருவுக்கு ஓடும். வெயில் வந்ததும் அந்த மூடி காய்ந்து பொருக்கு தட்டும். விதை முளைத்தாலும் அந்தப் பொருக்கை முட்டித் தள்ள முடியாமல் அடியிலேயே சாகும்.

அப்படியானால் மரத்தடிக் கட்டியை எது காப்பாற்றியது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

வேர்கள் ஓயாமல் சர்க்கரைப் பொருள்களைக் கசியவிடுகின்றன. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பிசின் போன்ற ஒன்றைச் சுரக்கின்றன. அந்தப் பிசின் களிமண் துகள்களை ஒட்டுகிறது. அப்புறம் பூஞ்சை இழைகள் வருகின்றன. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத இந்த இழைகள், நல்ல மண்ணின் ஒரே கிராமில் பல மீட்டர் நீளத்துக்கு ஓடும். விவசாயிகள் 'வேம்' என்று வாங்கிப் போடும் வேர் உட்பூசணமும் இந்தக் கூட்டத்தில் ஒன்று. ஒட்டிய துகள்களை இவை சுற்றிச் சுற்றிக் கட்டி, சிறு உருண்டைகளாக்குகின்றன. மண்புழு தன் பங்குக்கு மண்ணையும் சருகையும் விழுங்கி, கலந்து, எச்சமாக வைக்கிறது. கையில் எடுத்தால் புட்டு உதிர்வதுபோல மண் பொலபொலவென்று உதிர்கிறதே, அந்த உருண்டைகள்தான் அவை. உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே பெரிய இடைவெளி. மழை அதன் வழியே இறங்கும். உருண்டைக்குள்ளே சிறு துளை. அதில் ஈரம் தங்கும். தண்ணீரை வடிக்கவும் செய்யும், பிடித்து வைக்கவும் செய்யும் என்று நல்ல மண்ணைச் சொல்கிறோமே, இந்த இரண்டடுக்கு ஏற்பாடுதான் காரணம்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. மக்கிய சருகின் மெழுகும் பூஞ்சையின் சுரப்புகளும் அந்த உருண்டைகளின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சு தண்ணீரைக் கொஞ்சம் தயங்க வைக்கிறது. முழுக்கத் தடுப்பதில்லை, வேகத்தை மட்டும் குறைக்கிறது. நீர் மெதுவாக நுழைவதால் உள்ளே இருக்கும் காற்று நிதானமாக வெளியேற நேரம் கிடைக்கிறது. கட்டி வெடிப்பதில்லை. தண்ணீரைக் குடிக்க வேண்டிய மண், தண்ணீருக்கு லேசாக முரண்டு பிடிப்பதால்தான் நன்றாகக் குடிக்கிறது! இதைப் படித்த நாளிலிருந்து மரத்தடி மண்ணைச் சும்மா கடந்துபோக என்னால் முடிவதில்லை.

1957-இல் இலங்கையின் மண்ணியல் அறிஞர் பானபொக்கவும் ஆஸ்திரேலியாவின் குவர்க்கும் சேர்ந்து, மண் கட்டி நனைவதற்கு முன் எவ்வளவு ஈரமாக இருந்தது என்பது அதன் உறுதியை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே கொஞ்சம் ஈரமாக இருக்கும் கட்டியில் மாட்டிக்கொள்ளும் காற்று குறைவு. அதனால் உடைவதும் குறைவு. அந்த டம்ளர் சோதனையில், வெறும் தரைக் கட்டி ஒன்றை முதலில் ஈரத்துணியில் வைத்து மெதுவாக நனையவிட்டுப் பிறகு போட்டுப் பாருங்கள். நன்றாகவே தாக்குப் பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் தோட்ட மண் ஈரத்தோடு இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம். மேலே சருகு மூடாக்கு கிடந்தால் ஈரமும் இருக்கும், துளியின் அடியும் மண்ணில் விழாது. நம்மாழ்வார் மேடைக்கு மேடை மூடாக்கு பற்றிப் பேசியதன் அறிவியல் இதுதான்.

சரி, ஒரு முறை லாரி நிறைய தொழு உரம் கொட்டினால் முடிந்துவிடாதா? முடியாது. 1982-இல் டிஸ்டால், ஓட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த உருண்டைகளை அளவு வாரியாகப் பிரித்து விளக்கினார்கள். கால் மில்லிமீட்டருக்குக் குறைவான குட்டி உருண்டைகள் பழைய மக்கால் ஒட்டப்பட்டவை, நீண்ட காலம் தாங்கும். பெரியவற்றைக் கட்டி வைத்திருப்பது உயிருள்ள வேரும் பூஞ்சை இழையும். வேர் செத்து, இழை மக்கினால், சில மாதங்களிலேயே அந்தக் கட்டு தளர்ந்துவிடும். மழையை உள்ளே இறக்கும் பெரிய இடைவெளிகள் இந்தப் பெரிய உருண்டைகளுக்கு நடுவேதான் இருக்கின்றன. ஆகவே வருடத்தின் எல்லாப் பருவத்திலும் அங்கே ஏதாவது ஒரு வேர் உயிரோடு இருந்தாக வேண்டும். தோட்டத்தைப் பருவம் பார்த்துச் சீரமைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

சித்திரை, வைகாசியில் இடிபாட்டை அள்ளுங்கள். சிமெண்ட், சுண்ணாம்புக் காரையைப் பொறுக்கி எடுப்பது முக்கியம். அவை மண்ணைக் காரமாக்கும், இரும்புச்சத்து இருந்தும் செடிக்கு எட்டாது. செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் நரம்பு பச்சையாக, இலை மஞ்சளாக வந்தால் முதலில் காரையைத்தான் நான் சந்தேகிப்பேன். இறுகிய இடத்தைக் கடப்பாரையால் நெம்பிப் பிளந்துவிட்டால் போதும், புரட்டிப் பொடியாக்க வேண்டாம். ஆடியில் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதையுங்கள். தேங்கும் தண்ணீரையும் தாங்கும், ஆணிவேரும் இறுகிய மண்ணுக்குள் இறங்கும். ஆறேழு வாரத்தில், பூக்கும் தறுவாயில் அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள். வேரைப் பிடுங்காதீர்கள், அது மக்கிய வழி அடுத்த செடியின் வேருக்கும் மழைக்கும் பாதை. புரட்டாசியில் கறிவேப்பிலை, பவழமல்லி, எலுமிச்சை என்று கன்றுகளை வைக்கலாம். அடைமழைக் காலத்தில் ஒரே ஒரு விதி: ஈர மண்ணை மிதிக்காதீர்கள். அள்ளிய செங்கல்லையே நடைபாதையாகப் போட்டுவிடுங்கள். மழையில் ஒரு மாதம் நடந்த கால்கள் ஆடியில் செய்த வேலையை அழித்துவிடும்.

மார்கழிக்கு வேறொரு கணக்கு. கும்பகோணம் ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பார்த்த வீடென்றால் கொல்லை வடக்கே இருக்கும். 20 அடி உயர வீட்டின் நிழல் உச்சிவேளையில்கூடக் கொல்லைக்குள் 13, 14 அடி நீளும். ஜூனில் அதே இடத்தில் நல்ல வெயில், ஏனென்றால் சூரியன் அப்போது தலைக்கு வடக்கே போய்விடும். தைப்பட்டக் கத்தரி, தக்காளிக்குப் பாத்தி போடுமுன் மார்கழியில் ஒரு நாள் நிழல் எதுவரை வருகிறது என்று கோடு கிழித்து வையுங்கள். எந்த மூலையில் எந்த மரம் என்று வாஸ்து பார்ப்பவரிடம் பணம் கொடுத்துக் கேட்பவர்களை நிறையப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை தரையில் விழும் நிழலைவிட நம்பகமான வரைபடம் எவரிடமும் இல்லை.

மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும். எரிக்காதீர்கள். எரித்தால் தழைச்சத்து பெரும்பாலும் காற்றோடு போகும், மண்ணைக் கட்ட வேண்டிய கரிமமும் புகையாகும். கையளவு சாம்பல்தான் மிஞ்சும். மூடாக்கைச் செடியின் தண்டை ஒட்டாமல் போடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்தும் மூன்றடி தள்ளியே இருக்கட்டும், கறையானுக்கு வழி கொடுக்க வேண்டாம்.

முற்றத்தைப் பொறுத்தவரை முழுச் சிமெண்டையும் உடைக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு பாத்தி அளவுக்கு உடைத்து மண்ணைத் திறந்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றுப்புறத்திலிருந்து ஏறத்தாழ 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஈர மண்ணும் நாலு கல்வாழையும் இருந்தால் பகல் வெக்கை கண்கூடாகத் தணியும். கூரைத் தண்ணீரையும் இந்தப் பாத்தி வழியாகவே விடலாம். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு குழி வெட்டினோம். பல குழிகள் இன்று சேறடைத்துக் கிடக்கின்றன. சல்லி போட்ட குழியை நாம்தான் தூர்வார வேண்டும், வேரும் புழுவும் உள்ள பாத்தி பெரும்பாலும் தன்னைத் தானே திறந்து வைத்துக்கொள்ளும்.

ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டையில் 12 அளவுகள் இருக்கின்றன. தழை, மணி, சாம்பல் சத்து, கந்தகம், ஐந்து நுண்சத்துகள், கார அமில நிலை, உப்பு, கரிமம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்த மண் தண்ணீரில் கரைகிறதா, நிற்கிறதா என்று அதில் ஒரு வரி கிடையாது. அதற்கு வேண்டியது ஒரு டம்ளர். அதேபோல, சென்னை புதுக்கல்லூரியில் சுல்தான் அகமது இஸ்மாயில் நம் ஊர் மண்புழுக்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அப்படி ஒரே உயிரினத்தோடு பொறுமையாக உட்காரும் ஆய்வுக்கு ஊருக்கு ஊர் பணம் ஒதுக்க வேண்டும். உரத்துக்குச் செலவிடும் மானியத்தில் சிறு துளி போதும்.

கடைசியாக, முருங்கை. வீட்டு வாசலில் முருங்கை வைத்தால் ஆகாது என்று மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கிளை லேசில் முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும். ஆட்கள் புழங்கும் வாசலைவிடக் கொல்லைதான் அதற்கு நல்ல இடம். அவசரப்பட்டு இந்த வருடமே வைக்காதீர்கள், தேங்கும் தண்ணீரில் முருங்கை அழுகிவிடும். அடுத்த புரட்டாசியில், வைக்க நினைக்கும் இடத்தில் ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்துச் சாயங்காலம் தண்ணீர் நிரப்புங்கள். விடிவதற்குள் வடிந்திருந்தால் மணிக்கட்டுத் தடிமனில் மூன்று, நான்கு அடி போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) ஒன்றை, இடத்தைச் சற்று மேடாக்கி நடலாம். வடியாவிட்டால் இன்னொரு போகம் தக்கைப்பூண்டு போடுங்கள்.