சிம்பலுக்குள் ஒரு கொந்தளிப்பு

மனு கட்ஷேயின் 'நெய்பர்ஹுட்' ஜாஸ் ஆல்பத்தைக் கேட்ட வாசகர் ஒருவருக்கு ஒரு சந்தேகம். டிரம்மர் பெயரில் வந்த ஆல்பம், ஆனால் டிரம்ஸ் தன்னை முன்னால் தள்ளிக்கொள்ளவே இல்லை. பின்னால் ஒரு சிம்பல், அதாவது டிரம் செட்டில் குச்சியால் அடிக்கும் வட்ட உலோகத் தட்டு, அது மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது, அதுவும் அடிக்கு அடி வேறு மாதிரி கேட்கிறது. இது ஸ்டுடியோவில் செய்த வேலையா என்று கேட்கிறார்.

ஸ்டுடியோவுக்கு அதில் பங்கு உண்டு. 2004ல் ஓஸ்லோவின் ரெயின்போ ஸ்டுடியோவில் யான் எரிக் கொங்ஸ்ஹௌக் பதிவு செய்து, அடுத்த ஆண்டு மியூனிக்கின் ஈசிஎம் இசை நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் இது. தயாரிப்பாளர் மன்ஃப்ரெட் ஐஷர். நார்வேயின் யான் கார்பாரெக் சாக்ஸபோன், போலந்தின் தோமாஷ் ஸ்டாங்கோ டிரம்பெட், அதே நாட்டு இளைஞர்கள் இருவர் பியானோவுக்கும் பாஸுக்கும். டிரம்ஸ் பிரான்ஸின் கட்ஷே. பீட்டர் கேப்ரியல், ஸ்டிங் பாடல்களில் வாசித்துப் பெயர் வாங்கியவர், பாரிஸில் முறையாகத் தாளவாத்தியம் படித்தவர். இந்த ஆல்பத்தின் மெட்டுகள் எல்லாம் அவருடையவை. ஈசிஎம் பதிவுகளில் கருவிகளுக்கு நடுவே நிறைய இடம் விடுவார்கள். அந்த இடத்தில்தான் சிம்பலின் கடைசி இழை வரை காதில் விழுகிறது.

ஆனால் அடிக்கு அடி மாறுவது சிம்பலே செய்கிற வேலை. ஸ்டுடியோ அதை மறைக்காமல் விட்டது, அவ்வளவுதான்.

பள்ளியில் படித்ததைச் சீக்கிரம் ஓட்டிவிடுகிறேன். வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் வரிசையாக வரும். அதனால் நமக்கு ஒரு சுருதி கேட்கிறது. வட்டமான தோலில் இந்தக் கணக்கு முழு எண்களில் அமையாது. மிருதங்கத் தோலின் நடுவே உள்ள கறுப்புப் பூச்சான கரணை அதைச் சரிக்கட்டி மேற்சுரங்களை வரிசைக்குக் கொண்டுவருகிறது என்று 1920லேயே 'நேச்சர்' இதழில் சி. வி. ராமன் காட்டினார். சிம்பல் தோல்கூட இல்லை, உலோகத் தகடு. அதன் இயல்பு அதிர்வுகள் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஒன்றுக்கொன்று எந்த ஒழுங்கும் கிடையாது. சுருதி இல்லாததற்குக் காரணம் அதுதான். சரி, இது வரைக்கும் பழைய கதை.

நல்ல சிம்பல்கள் பெரும்பாலும் எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு தகரமும் சேர்ந்த வெண்கலம். ஆறிய நிலையில் இந்தக் கலவை சட்டென்று உடைந்துவிடும். பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் எஃகு இறுகும், இது மாறாக இளகிக் கொடுக்கும். அப்புறம்தான் சுத்தியலால் தட்டி வளைவு கொடுப்பார்கள். அந்த வளைவுக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இப்போது குச்சியின் நுனி சிம்பலைத் தொடுகிறது. தொட்டு விலக ஒரு மில்லி விநாடிகூட ஆவதில்லை. அந்த இடத்திலிருந்து, தகட்டை வளைத்துக்கொண்டே போகும் வளைவலைகள் கிளம்பி ஓரத்துக்கு ஓடுகின்றன. தந்தியில் எல்லா அலையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். தகட்டில் அப்படி இல்லை, அதிர்வெண் நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். ஆகவே கீச்சொலிகள் முந்திக்கொண்டு ஓரத்தைத் தொட்டுத் திரும்ப ஆரம்பித்துவிடும், கனத்த ஒலிகள் பின்னால் வந்து சேரும்.

அடுத்து நடப்பதை அமெரிக்க இயற்பியலாளர் தாமஸ் ராசிங்கும் மற்றவர்களும் அளந்திருக்கிறார்கள். அடித்த 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் தலைதூக்குகின்றன. 3000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை உள்ள அந்த மினுமினுப்பு உச்சத்துக்கு வர 50 முதல் 100 மில்லி விநாடி ஆகிறது. குச்சி எப்போதோ விலகிப் போய்விட்டது, வெளியிலிருந்து ஆற்றல் எதுவும் வரவில்லை, இருந்தும் கீச்சொலி கூடிக்கொண்டே போகிறது! அதே நேரத்தில் 700 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி வேகமாகக் குறைகிறது. கீழே குறைவதுதான் மேலே ஏறுகிறது.

இப்படி ஏறுவதற்கு வழி எப்படிக் கிடைத்தது? எனக்கு இதில் பிடித்த இடமே இதுதான். மெல்லத் தட்டினால் தகடு வளைகிறது, அவ்வளவே. ஒவ்வொரு அதிர்வும் அடுத்தது இருப்பதே தெரியாமல் தன்பாட்டுக்கு ஆடி ஓயும். கொஞ்சம் ஓங்கி அடித்து, அசைவு தகட்டின் தடிமன் அளவுக்கு வந்துவிட்டால் கதை மாறுகிறது. சிம்பலின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் சுமார்தான், அதனால் இது ஒன்றும் பெரிய அசைவு இல்லை. அந்த அளவுக்கு வளையும் தகடு உலோகத்தை இழுத்து நீட்டியும் ஆகவேண்டும். நீட்டினால் விறைப்பு கூடும். ஒரு அதிர்வு உண்டாக்கிய விறைப்பை மற்ற எல்லா அதிர்வுகளும் உணரும். தனித்தனியாக ஆடியவை இப்போது ஒன்றையொன்று தள்ளிவிட்டு ஆற்றலைக் கைமாற்றிக்கொள்கின்றன. வளைவின் வேலை இங்கேதான் வருகிறது: தட்டையான தகட்டைவிட வளைந்த தகட்டில் இந்தக் கைமாற்றம் சுலபமாகத் தொடங்குகிறது, முக்கியமாக ஒன்றின் அதிர்வெண் இன்னொன்றைப் போல இரண்டு மடங்காக இருந்தால்.

பாரிஸ் பகுதியில் உள்ள என்ஸ்டா பொறியியல் கல்லூரியின் அந்துவான் ஷேன், சிரில் தூஸே குழுவினர் இதைச் சோதித்த விதம் அழகு. காங் என்ற பெரிய வெண்கலத் தட்டையும் சிம்பலையும் குச்சியால் அடிக்காமல், ஒரே அதிர்வெண்ணில் சீராக ஆட்டினார்கள். மெல்ல ஆட்டும்போது ஒரே ஒரு சுத்தமான ஒலி. ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் அளவில் கூடவே வேறு சில ஒலிகள் முளைக்கின்றன, நாம் கொடுக்காத அதிர்வெண்கள். இன்னும் கொஞ்சம் கூட்டினால் திடீரென்று 'ஷ்ஷ்' என்று முழு இரைச்சல். உள்ளே போவது அப்போதும் அதே ஒற்றை ஒலிதான். குழாயை லேசாகத் திறந்தால் கண்ணாடிக் கம்பி மாதிரி விழும் தண்ணீர், முழுதாகத் திறந்ததும் கலங்கிக் கொந்தளிப்பதைப் போல. தண்ணீரில் பெரிய சுழல் சிறு சுழல்களாக உடைகிறது, தகட்டில் நீண்ட அலை குட்டை அலைகளாக உடைகிறது. இதற்கு அலைக் கொந்தளிப்பு என்று பெயர்.

இப்போது ஜாஸ் டிரம்மரிடம் வருவோம். க்ராஷ் சிம்பல் மெலிது, ஒரே அடியில் அந்தக் கொந்தளிப்பின் எல்லையைத் தாண்டி வெடிக்கும். ரைடு சிம்பல் பெரிது, கனம். நுனியால் தட்டினால் எல்லைக்கு இந்தப் பக்கமே நின்று 'டிங்' என்று தெளிவாகப் பேசும். ஆனால் ஜாஸில் அதை ஓயவே விடுவதில்லை. முந்தைய அடியின் அதிர்வு மிச்சமிருக்கும்போதே அடுத்த அடி வந்து விழுகிறது. மிச்சமும் புது அடியும் சேர்ந்து எல்லையைத் தொடலாம், தொடாமலும் போகலாம். அதே கை, அதே பலம், அதே இடம் என்றாலும் ஒலி மாறுவது இதனால்தான். அடிகளுக்குக் கீழே மிதக்கும் அந்த இரைச்சலை எவ்வளவு வளரவிடுவது, எப்போது அடக்குவது என்பதுதான் கட்ஷே போன்றவர்களின் கைத்திறன். அடக்கி வாசிக்கும் ஆல்பத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். எலக்ட்ரானிக் டிரம்ஸில் சிம்பல் மட்டும் பொய்யாகக் கேட்பதும் இதனால்தான். பதிவு செய்த ஒலித்துண்டை மறுபடி ஓட்டும்போது, தகட்டில் ஏற்கெனவே என்ன மிச்சமிருக்கிறது என்று அந்தத் துண்டுக்குத் தெரியாது.

வெண்கலத் தட்டைத் தட்டிப் பார்க்க மக்கள் வரிப்பணமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடல் அலைகளுக்குள் ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்று 1962ல் ஜெர்மன் விஞ்ஞானி கிளௌஸ் ஹாசல்மன் எழுதிய கணக்கும் இதே குடும்பம்தான். கடலை மேஜைமேல் வைக்க முடியாது, தகட்டை வைக்கலாம். 1809ல் ஜெர்மன் இயற்பியலாளர் க்லாட்னி தகட்டின்மேல் மணல் தூவி, வில்லால் தேய்த்து, கோலம் எழுவதை நெப்போலியனுக்குக் காட்டினார். அதைப் பார்த்து அறிவிக்கப்பட்ட பரிசுக்காகத்தான் பிரெஞ்சுக் கணித மேதை சோஃபி ஜெர்மெய்ன் மூன்று முறை முயன்று, 1816ல் தகடுகளின் அதிர்வுக்குச் சமன்பாடு தந்து வென்றார். போர்க்களத்திலேயே காலம் கழித்த மனுஷனுக்கு இருந்த ஆர்வம் இன்றைய நிதிக் குழுக்களுக்கும் கொஞ்சம் இருக்கலாம்.

அதே மணல் கோலத்தைக் காட்டி, ஓம் என்று சொன்னால் ஸ்ரீசக்கரம் தானாக வரும் என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மணல் நிற்பது தகடு அசையாத இடங்களில். சதுரத் தகட்டை எடுத்துவிட்டு வட்டத் தகட்டை வையுங்கள், அதே ஒலிக்கு வேறு கோலம் வரும். உச்சரித்த சொல் என்ன என்று தகட்டுக்குத் தெரியாது, எந்த அதிர்வெண் என்பது மட்டும்தான் தெரியும்.

ஆல்பத்தைக் கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மலிவான எம்பி3 கோப்பில் கேட்காதீர்கள். அந்தச் சுருக்கமுறை, சில தெளிவான சுரங்களால் ஆன ஒலியை நன்றாக மடித்து வைக்கும். சிம்பலின் இரைச்சலில் மடிக்க எதுவும் அகப்படாது. குறைந்த பிட் வீதத்தில் உச்ச அதிர்வெண்களை வெட்டிவிட்டு மீதியையும் குழப்பிவிடும், ரைடு சிம்பல் தண்ணீருக்குள் கேட்கிற மாதிரி இருக்கும். சிடி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலித்தரத்தை உயர்த்திவிட்டு, ஹெட்ஃபோனில் முதல் பாடலான 'நவம்பர் 99'லிருந்து தொடங்குங்கள்.