ஆங்கில இடியம்: பொருள் தெரிந்தால் மட்டும் போதாது

ஆங்கிலம் பேசப் பழகும் பலர் இடியம் (சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிடிபடாத பொருள் தரும் மரபுத்தொடர்) பட்டியலை எடுத்துவைத்து, இந்தப் பக்கம் தொடர், அந்தப் பக்கம் பொருள் என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு அது போதும். பேச்சில் சறுக்கும். யார் யாரிடம் எப்போது சொல்வார்கள் என்பது பட்டியலில் இருக்காதே!

'கிக் த பக்கெட்' என்றால் இறந்துபோவது. பொருள் சரிதான், ஆனால் அது 'மண்டையைப் போட்டார்' ரகம். இரங்கல் மின்னஞ்சலில் அதை எழுதக்கூடாது. அங்கே 'பாஸ்ட் அவே'தான். 'அண்டர் த வெதர்' சளி, தலைவலி போன்ற சில்லறை உபாதைகளுக்கு. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்குப் பொருந்தாது. பாடப்புத்தகங்களின் செல்லப்பிள்ளையான 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டுகிறது) இன்றைய பேச்சில் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும்.

தமிழர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. 'யூ ஆர் புல்லிங் மை லெக்' என்றால் 'சும்மா விளையாடாதே' என்ற அளவுதான். நாம் அதை 'காலை வாருகிறாய்' என்று எடுத்துக்கொண்டால், கேலி துரோகமாகிவிடும்.

வடிவத்திலும் கைவைக்க முடியாது. 'ஸ்பில் த பீன்ஸ்' (ரகசியத்தைப் போட்டுடைப்பது) என்பதில் வினை காலத்துக்கேற்ப மாறும். 'பீன்ஸ்' ஒருமையாகாது, 'த'வும் விழக்கூடாது. விழுந்தால் ரகசியம் வெளிவராது, காய்தான் கொட்டும். சுலபமான வேலையைக் குறிக்கும் 'பீஸ் ஆஃப் கேக்'கும் அப்படித்தான்: இரண்டு வேலைகள் சுலபம் என்றாலும் ஒரே துண்டுதான்.

நாடு மாறினால் பொருளே தலைகீழாவதும் உண்டு. கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வோம் என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது.

வாரம் மூன்று தொடர் போதும். காதில் விழுந்ததை முழு வாக்கியமாகவே எழுதுங்கள். பக்கத்தில் சொன்னவர் யார், கேட்டவர் யார் என்று ஒரு வரி. பிறகு ஆங்கிலம் கற்போருக்கான அகராதியில் தேடி, பொருளுக்கு முன்னால் சிறிய எழுத்தில் இருக்கும் 'இன்ஃபார்மல்', 'ஓல்டு ஃபேஷன்ட்' போன்ற குறிப்பைப் பாருங்கள். பலரும் தாண்டிப் போவது அதைத்தான். வேறு இரண்டு இடங்களிலும் அதே தொடரைக் கேட்ட பிறகு வாயில் எடுக்கலாம்.

அலுவலகத்துக்கு முதலில் 'கீப் மீ போஸ்டட்' (அவ்வப்போது தகவல் சொல்லுங்கள்), 'ஆன் த சேம் பேஜ்' (ஒரே புரிதலில் இருப்பது), 'கால் இட் எ டே' (இத்தோடு வேலையை முடிப்பது) மூன்றும் கைகொடுக்கும். கடைசித் தொடரில் 'டே' இருப்பதால் சாயங்காலம்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மதியம் இரண்டு மணிக்கு வேலையை மூட்டை கட்டினாலும் சொல்லலாம்.